மொட்டை மாடியில் முதலீட்டாளர் கூட்டம்

மதிவதனி: பாதிக்கு மேல ஒரே கஸ்டமரு. அவங்க நாளைக்கு வேணாம்னு சொல்லிட்டா இன்னா பண்ணுவீங்க?

பாலமுருகன்: இருங்க, இருங்க... பாதிக்கு மேலன்னு நான் எங்க சொன்னேன்?

மதிவதனி: சொல்லலையா?

பாலமுருகன்: பெங்களூர்ல நெட்வொர்க் சாமான் பண்ற சின்ன கம்பெனி, பேரு அலைவரின்னு சொன்னேன். அவ்ளோதான். நீங்களே ஒரு கஸ்டமர கண்டுபுடிச்சி, நீங்களே அவர வெளிய அனுப்பறீங்க.

மதிவதனி: சின்ன கம்பெனின்னா அப்பிடித்தானே இருக்கும். ஒரு யூகந்தான்.

பாலமுருகன்: யூகம் பாதிக்கு மேலன்னு அவ்ளோ கரெக்டா வருமா?

மதிவதனி: அப்போ கரெக்டுன்றீங்க.

பாலமுருகன்: ஐயையோ... நான் ஒண்ணும் சொல்லலங்க. கீழ பெரியவங்க, மாடிக்கு போயி பத்து நிமிஷம் தனியா பேசிட்டு வாங்கன்னு அனுப்பினாங்க. உங்களுக்கு சமைக்க... இல்ல, அது கேக்கல. உங்களுக்கு இன்னா புடிக்கும்னு கேக்கலாம்னு வந்தேன்.

மதிவதனி: கேளுங்க.

பாலமுருகன்: உங்களுக்கு இன்னா புடிக்கும்?

மதிவதனி: ஒரு கம்பெனி எப்பிடி பொழைக்குதுன்னு தெரிஞ்சிக்க புடிக்கும்.

பாலமுருகன்: இதுக்கு முன்னாடி ரெண்டு வூட்ல பொண்ணு பாத்தேன். கம்பெனி பேர சொன்னா "ஓ"ன்னு சொல்லிட்டு, காபி ஆறிடும் குடிங்கன்னுட்டாங்க.

மதிவதனி: ரெண்டு பேரும் வேணாம்னுட்டாங்களா?

பாலமுருகன்: ஒருத்தங்க வேணாம்னாங்க. இன்னொருத்தங்கள நான்...

மதிவதனி: சரியா பாதி. பரவால்ல.

பாலமுருகன்: நல்லா கிண்டல் பண்றீங்க.

மதிவதனி: பேச்ச மாத்தாதீங்க. ஒரே ஆள நம்பி...

துர்கா: யாரும் பயப்படாதீங்க, நான் நூல் திருப்ப வந்தேன். சாயம் போட்ட நூலு தம்பி, ஒரே பக்கமா காஞ்சா திட்டு திட்டா ஆயிடும்.

மதிவதனி: அண்ணி, அது நேத்தே காஞ்சிடுச்சி.

துர்கா: அப்பிடியா? அப்போ உங்க அம்மா என்னை எதுக்கு மாடிக்கு அனுப்பினாங்கன்னு தெரியலியே.

மதிவதனி: உங்களுக்கா தெரியாது.

துர்கா: தம்பி, இவ எங்க வூட்டுக்காரரோட தங்கச்சி. நல்ல பொண்ணு. வாய் மட்டும் பேச ஆரம்பிச்சா நிக்காது. மதி... அத்தை காலைல சொன்னது ஞாபகம் இருக்குதில்ல?

மதிவதனி: இருக்குது.

துர்கா: அத பத்தி ஒண்ணும் பேசலையே?

மதிவதனி: பேசல.

பாலமுருகன்: எத பத்திங்க?

துர்கா: ஒண்ணுமில்ல தம்பி. கேசரி எடுத்துகினு வரட்டா? முந்திரி நானே வறுத்தேன்.

மதிவதனி: எடுத்துகினு மெதுவா வாங்க அண்ணி. ஜல்தி ஒண்ணும் இல்ல.

துர்கா: சரிம்மா, சரி. போறேன். படி வழுக்குது, மெதுவாத்தான் ஏற முடியும்.

பாலமுருகன்: உங்க அண்ணி நல்லா பேசறாங்க. இன்னா சொன்னாங்க உங்க அம்மா?

மதிவதனி: நாலு நல்ல வார்த்தை பேசு, நோண்டி நோண்டி கேள்வி கேக்காதன்னாங்க.

பாலமுருகன்: அத அப்பிடியே கேட்டுகினீங்க போல.

மதிவதனி: நாலாவது வார்த்தை வரைக்கும் கேட்டேன்ல.

பாலமுருகன்: சரி, ஒரே கஸ்டமருன்னே வச்சிக்குவோம். நான் சொல்லல, நீங்க சொன்னதா வச்சிக்குவோம். அதுல இன்னா தப்பு?

மதிவதனி: முள்ளிப்பட்டுல போயி கேளுங்க, சொல்வாங்க. எங்க அப்பா அங்க தறிக்காரங்களுக்கு பாவு, அதான் தறில நீளவாட்டுல ஏத்தற நூலு, குடுத்து புடவை நெய்ய வச்சி வாங்கறவரு. ஒரே மொதலாளிகிட்ட பாவு வாங்கற வூட்ல, அந்த மொதலாளி கைய விரிச்சா தறி சும்மா கெடக்கும். வேற ஆள் சட்டுன்னு குடுக்க மாட்டாங்க. இவன் அவங்க ஆளுன்னுடுவாங்க.

பாலமுருகன்: அது ஒரு பக்கம். நாலு பேருகிட்ட மாத்தி மாத்தி வாங்கறவரு கதைய சொல்லுங்க. ஆடி மாசம் வியாபாரம் படுத்துக்கும்போது அவருக்கு யாரு பாவு குடுக்கறாங்க? அப்போ மொதலாளிங்க அவங்கவங்க தறிக்குத்தானே மொதல்ல குடுப்பாங்க. நாலு பேருகிட்ட போனவரு நாலு வாசல்லயும் நின்னுட்டு வருவாரு.

மதிவதனி: இது உங்களுக்கு எப்பிடி தெரியும்? நீங்க தேசூர்ல, வெவசாய குடும்பந்தானே.

பாலமுருகன்: எங்க பெரியம்மாவ முள்ளிப்பட்டுலதான் குடுத்திருக்குது. பாஞ்சாலைன்னு பேரு. லீவு விட்டா அங்கதான் கெடப்பேன்.

மதிவதனி: ம்... அது ஒரு பாயிண்ட்டுதான். ஒத்துக்கறேன்.

பாலமுருகன்: ஒத்துக்குவீங்களா? அண்ணி நிக்காதுன்னாங்க.

மதிவதனி: நிக்கல, மூச்சு வுடறேன். சரி, பெரிய கம்பெனிக்காரன் வெளிநாட்லேருந்து வந்து வூட்டுக்கு நெட்டு குடுக்கற அதே பொட்டிய பாதி ரேட்டுக்கு குடுத்தான்னா? உங்க மொதலாளி, அந்த ஒரே கஸ்டமரு, எத்தினி ஆடிக்கு உங்கள வச்சிகினு இருப்பாரு?

பாலமுருகன்: பாதி ரேட்டுக்கு குடுத்தாங்க. ஏற்கெனவே குடுத்தாங்க.

மதிவதனி: அப்புறம்?

பாலமுருகன்: பொட்டி வந்துச்சி. கெட்டுப்போனா போன் எடுக்க ஆள் வரல. கேபிள்காரரு போன் பண்ணா இங்கிலீஷ்ல ஒரு பொம்பளை ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னுகினே இருக்கும். நாங்க எடுத்து, அண்ணே, பின்னாடி பச்சை லைட்டு எரியுதான்னு கேப்போம். சின்ன கம்பெனி பொழைக்கறது அதுலதான்.

மதிவதனி: போன் எடுக்கறதுக்கா ஒரு கம்பெனி?

பாலமுருகன்: உங்க அப்பா மட்டும்? காஞ்சிபுரத்து பெரிய கடைங்க இருக்கும்போது எதுக்கு சனம் உங்ககிட்ட வருது? கல்யாணத்துக்கு நாள் இல்ல, பொண்ணுக்கு அந்த கலர்தான் வேணும்னு வந்து நின்னா, ஒரே ஒரு புடவைக்குன்னு பாவு போடறது யாரு?

மதிவதனி: இன்னாங்க இது, எங்க வியாபாரத்த வச்சே எங்கள மடக்கறீங்க.

பாலமுருகன்: ஆரம்பிச்சது நீங்க.

மதிவதனி: நெட்டு இனிமே காத்துலயே வருதுன்றாங்க. தெருத்தெருவா கம்பி எதுக்கு, பொட்டி எதுக்கு? அதுக்கு இன்னா சொல்றீங்க?

பாலமுருகன்: சாயங்காலம் ஆரணி மொத்தமும் வூட்டுக்கு வந்து ஒண்ணா வீடியோ பாக்குதில்ல? அப்போ உங்க செல்லுல நெட்டு எப்பிடி இருக்குது?

மதிவதனி: சுத்திகினே இருக்கும்.

பாலமுருகன்: கம்பில?

மதிவதனி: ஓடும்... ஓடுற வரைக்கும் ஓடும்.

பாலமுருகன்: அது இன்னா, ஓடுற வரைக்கும்... ஏங்க, அந்த தண்ணி டேங்க் மேல இருக்கறது இன்னாது? எங்க பொட்டி மாதிரி இருக்குது.

மதிவதனி: உங்க பொட்டிதான்.

பாலமுருகன்: அத ஏன் இப்பிடி பிரிச்சி போட்டிருக்குது?

மதிவதனி: போன மழைல இடி இறங்கி செத்துப்போச்சி. கேபிள் பழனி வந்து வேற மாட்டிட்டு, இத குப்பைல போடப் போனாரு. நான் வாங்கி வச்சிகினேன்.

பாலமுருகன்: எதுக்கு?

மதிவதனி: உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்க.

பாலமுருகன்: பாத்தீங்களா?

மதிவதனி: வெளிய அலைவரின்னு பேரு. ஸ்க்ரூவ கழட்டினா உள்ள பச்சை தகடுல வேற யாரோ பேரு. அந்த பேர தேடி பாத்தா, வெளிநாட்டுல ஒரு ஃபேக்டரி. சும்மா கேக்கறேன்... நீங்க அங்க ஸ்டிக்கர் ஒட்டற வேலையா பாக்கறீங்க?

பாலமுருகன்: ஸ்க்ரூவ கழட்டின மொத பொண்ணு நீங்கதாங்க.

மதிவதனி: பதில் சொல்லுங்க.

பாலமுருகன்: முள்ளிப்பட்டுல நெய்யற புடவை எங்க விக்குது?

மதிவதனி: ஆரணில.

பாலமுருகன்: ஆரணில மட்டுமா?

மதிவதனி: வெளியூர் கடைங்களுக்கும் போவுது.

பாலமுருகன்: போயி இன்னா பேர்ல விக்குது?

மதிவதனி: ...அது வியாபாரம்.

பாலமுருகன்: இதுவும் வியாபாரந்தான்.

மதிவதனி: ஒண்ணு இல்லங்க. புடவை மேல எந்த ஊரு பேரு போட்டாலும் உள்ள நம்ம கை வேலை இருக்குது. இதுல உங்க கை வேலை எங்க?

பாலமுருகன்: சரி, வந்து பாருங்க. கைல குடுங்க அத. இந்த பச்சை தகடு வெளிய வாங்கறது. உண்மை. நூல வெளிய வாங்கற மாதிரி. ஆனா அத எப்பிடி ஓட வைக்கணும், எந்த வூட்டுக்கு எவ்ளோ குடுக்கணும், எங்க அறுந்துச்சின்னு எப்பிடி கண்டுபுடிக்கணும்... அந்த டிசைன் மொத்தமும் எங்களுது. அது கண்ணுக்கு தெரியாது, ஸ்க்ரூவ கழட்டினாலும் தெரியாது.

மதிவதனி: தகடையும் நீங்களே பண்ண வேண்டியதுதானே?

பாலமுருகன்: பண்ண ஆரம்பிச்சிருக்குறோம். கொஞ்சம். சிப்பு இன்னும் வெளியேருந்துதான். அது நம்ம நாட்ல யாரும் பண்றதில்ல இப்போதைக்கு.

மதிவதனி: அவங்க சிப்பு குடுக்க மாட்டேன்னா?

பாலமுருகன்: படுத்துக்குவோம்.

மதிவதனி: இவ்ளோ சுலுவா சொல்றீங்க.

பாலமுருகன்: ஒரு தடவ படுத்தோங்க. எட்டு மாசம் சம்பளம் பாதிதான் வந்துச்சி. அதான் பயமில்லாம சொல்ல வருது. பயம் இல்லன்னு இல்ல... இருக்குது. உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்.

மதிவதனி: அப்போ பெரிய கம்பெனிக்கு போயிருக்கலாமே? கூப்பிடலையா?

பாலமுருகன்: கூப்பிட்டாங்க.

மதிவதனி: போவல?

பாலமுருகன்: பெரணமல்லூர் பக்கம் ஒரு இடி மழைல மொத்த தெரு பொட்டியும் போச்சி. நானே பைக்ல வந்து பாத்தேன். ஒவ்வொரு வூடா ஏறி பாத்தா, எர்த்து கம்பிய தண்ணி வராத எடத்துல பொதைச்சிருக்காங்க. சில வூட்ல பொதைக்கவே இல்ல, ஜன்னல் கம்பில சுத்தி வுட்டிருக்காங்க. பெங்களூர்ல உக்காந்து நாங்க பொட்டிக்கு டிசைன் படம் போடும்போது, எல்லா வூட்லயும் எர்த்து இருக்கும்னு நெனைச்சி போட்டுட்டோம்.

மதிவதனி: யாரு வூட்ல எர்த்து இருக்குது.

பாலமுருகன்: அதான். திரும்பி போயி, எர்த்து இல்லன்னாலும் தாங்கற மாதிரி மாத்தினோம். பெரிய கம்பெனில இருந்தா அத மாத்த எவன்கிட்ட கேக்கறதுன்னே எனக்கு தெரிஞ்சிருக்காது. இங்க எம்.டி. ரூமு கதவ தட்டினேன். அடுத்த லாட்டுல மாறிடுச்சி. அந்த ருசிக்குதான் இருக்கறேன்.

மதிவதனி: எங்க வூட்டு பொட்டி செத்துச்சே.

பாலமுருகன்: இது பழசு. பின்னாடி ஓட்டை ரெண்டு இருக்குது பாருங்க. புதுசுல மூணு இருக்கும். பழனி மாட்டினத எண்ணி பாருங்க.

மதிவதனி: மூணுதான். எண்ணிட்டேன்.

பாலமுருகன்: அதையும் எண்ணிட்டீங்களா.

மதிவதனி: எனக்கு ஒரு சந்தேகம். உங்க கம்பெனி நல்ல கம்பெனியா?

பாலமுருகன்: என்னை கேட்டா? நான் அங்க வேலை செய்யறேன். நல்லதுன்னுதான் சொல்வேன். நான் சொல்றத வச்சி முடிவு பண்ணாதீங்க.

மதிவதனி: எங்க அப்பா ஒரு வழக்கம் வச்சிருக்காரு. நெய்ஞ்சிட்டு வர்ற புடவைய விரிச்சி வச்சி, இழை இழையா பாத்துட்டுதான் எடுப்பாரு. ஆனா எங்க சித்தப்பா தறிலேருந்து வந்தா மட்டும் தொடமாட்டாரு. எதிர் கடை சின்னக்கண்ணு மாமாகிட்ட குடுத்து, நீ பாத்து சொல்லுன்னுடுவாரு.

பாலமுருகன்: ஏன்? தம்பி மேல நம்பிக்கை இல்லையா?

மதிவதனி: தன் மேல நம்பிக்கை இல்ல. சொந்தத் தறி புடவைல பழுது கண்ணுக்கு படாதாம். பட்டாலும் மனசு, போவட்டும் விடுன்னுடுமாம்.

பாலமுருகன்: பெரிய ஆளுதான் உங்க அப்பா. கீழ ஒரு வார்த்தை பேசல, சிரிச்சிகினே இருந்தாரு.

மதிவதனி: அம்மா பேசவேணாம்னு சொல்லியிருக்காங்க.

பாலமுருகன்: அவருக்குமா?

மதிவதனி: இன்னொண்ணு கேக்கறேன். உங்க கம்பெனிக்கு வரும்னு சொன்ன பெரிய டெலிகாம் ஆர்டரு தள்ளி தள்ளி போயிகினு இருக்குதே. வருமா, வராதா?

பாலமுருகன்: கேசரி இன்னும் வரலியே.

மதிவதனி: தெரியாதா?

பாலமுருகன்: அத சொல்லக்கூடாதுங்க.

மதிவதனி: தெரியாதுன்னு சொல்லிட்டா பேச்சு முடிஞ்சிடும்ல.

பாலமுருகன்: முடிஞ்சிடும். ஆனா அந்த வேலையே நான்தான் பாக்கறேன். தெரிஞ்சிகினு தெரியாதுன்னு எப்பிடி சொல்றது?

மதிவதனி: கட்டிக்கப்போற பொண்ணு கேட்டாக்கூடவா?

பாலமுருகன்: அப்போ இன்னும் சொல்லக்கூடாது.

மதிவதனி: ஜாடையாவது காட்டலாம்.

பாலமுருகன்: அதோ பாருங்க, மலை. நல்லா தெரியுதில்ல இங்கேருந்து?

மதிவதனி: கோவமா?

பாலமுருகன்: கோவம் இல்ல. நீங்க கேட்டா சொல்லணும்னு தோணுது. அதான் மலைய பாக்கறேன்.

துர்கா: கேசரி வந்துச்சி... இன்னா ரெண்டு பேரும் மலைய பாத்துகினு நிக்கறீங்க? பேசி முடிச்சாச்சா? கீழ உங்க அம்மா வெத்தலை பாக்கு தட்ட மூணு வாட்டி தொடச்சிட்டாங்க தம்பி.

பாலமுருகன்: பேசிகினுதாங்க இருக்கோம். ஒரு ஆர்டர் விஷயமா...

துர்கா: இன்னா ஆர்டரு?

பாலமுருகன்: கம்பெனி ஆர்டரு.

துர்கா: மதி... அடிப்பாவி. ஷேரு கீருன்னு வாய தொறக்காதன்னு அத்தை அவ்ளோ சொன்னாங்களே. கற்பூரத்து மேல சத்தியம் வாங்கினாங்களே.

மதிவதனி: அண்ணி... நான் அந்த வார்த்தையே எடுக்கல.

துர்கா: எடுக்கலையா?

மதிவதனி: நீங்கதான் இப்போ எடுத்தீங்க.

துர்கா: ஐயோ... தம்பி, நான் சும்மா ஒளர்றேன். காலைலேருந்து அடுப்பு சூடு. இந்தாங்க, கேசரி சாப்பிடுங்க. நான் கீழ போறேன். நான் வரவே இல்ல.

மதிவதனி: போங்க அண்ணி. நான் பாத்துக்கறேன்.

பாலமுருகன்: முந்திரி நல்லா வறுத்திருக்காங்க.

மதிவதனி: கேக்க மாட்டீங்களா?

பாலமுருகன்: நீங்களே சொல்வீங்கன்னு பாக்கறேன்.

மதிவதனி: நான் ஷேர் வாங்கறேங்க. எம்.காம் படிச்சிட்டு அப்பா வியாபாரத்துலதான் இருக்கறேன். அதுல எனக்குன்னு வர்றத போட்டு வாங்குவேன். சூதாட்டம் மாதிரி இல்ல, படிச்சி வாங்குவேன். இதே மாதிரி சின்ன நெட்வொர்க் கம்பெனிங்க நாலஞ்சு. போன வருஷம் வந்தவாசிலேருந்து ஒரு எடம் வந்துச்சி. நல்லா பேசினாங்க. எனக்கும் புடிச்சிருந்துச்சி. வெகுளியா, நான் இப்பிடி வாங்குவேன்னு அவருகிட்ட சொன்னேன். மறுநாள் தரகர்கிட்ட சொல்லி அனுப்பினாங்க... சூதாடற பொண்ணு எங்க குடும்பத்துக்கு ஒத்துவராதுன்னு.

பாலமுருகன்: அப்பிடியா சொன்னாங்க?

மதிவதனி: தெரு மொத்தம் தெரிஞ்சி போச்சி. அம்மா ரெண்டு நாள் சாப்பிடல. எனக்கும் அழுகை வந்துச்சி... பொய் சொல்லல. அதான் சத்தியம். இப்போ உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சி. நீங்களும் சொல்லி அனுப்பிடுங்க, பரவால்ல. நேராவே சொன்னீங்கன்னா இன்னும் நல்லது.

பாலமுருகன்: எனக்கு இப்போதான் தெரிஞ்சிதுன்னு இல்லங்க. மாடி ஏறி வந்து நீங்க மொத கேள்வி கேட்டீங்க பாருங்க, அப்பவே உறுதியா தெரிஞ்சிடுச்சி.

மதிவதனி: இன்னா உறுதி?

பாலமுருகன்: அதுக்கு முன்னாடி சந்தேகம் இருந்துச்சி.

மதிவதனி: புரியிற மாதிரி சொல்லுங்க.

பாலமுருகன்: கம்பெனியோட போன மூணு மாச கணக்கு ரிசல்ட்டு வந்து முடிஞ்சி, முதலீட்டாளருங்களோட போன்ல ஒரு மீட்டிங் வச்சாங்க. எம்.டி. பக்கத்துல என்னை உக்கார வச்சிருந்தாங்க, டெக்னிக்கலா எதாவது கேட்டா சொல்றதுக்கு. எல்லாம் மும்பைக்காரங்க. மார்ஜினு, குவார்ட்டருன்னுகினே இருந்தாங்க. எனக்கு தூக்கமா வந்துச்சி. கடைசில ஒரு பொண்ணு குரலு. "மதிவதனி, தனி முதலீட்டாளர், ஆரணி"ன்னு இங்கிலீஷ்ல. பின்னாடி ஒருத்தரு மைக் போட்டு தக்காளி வித்துகினு இருந்தாரு.

மதிவதனி: ஐயோ. அது எல்லாருக்கும் கேட்டுச்சா?

பாலமுருகன்: மும்பை வரைக்கும். எம்.டி. போன மூடிட்டு, ஆரணி எங்க இருக்குதுன்னாரு. எங்க ஊரு பக்கம் சார்னு நான் நெஞ்ச நிமித்திகினு சொன்னேன்.

மதிவதனி: நான் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்குதா?

பாலமுருகன்: பாதிக்கு மேல ஒரே கஸ்டமரு வச்சிருக்கீங்க, அவங்க ஆர்டரு நின்னுட்டா அத எங்களுக்கு எப்போ சொல்வீங்க... நின்னவுடனேயா, இல்ல மூணு மாசம் கழிச்சி ரிசல்ட்டுலயான்னு. எம்.டி. நல்ல கேள்வின்னு சொல்லிட்டு அடுத்த ஆள கூப்பிட்டுட்டாரு.

மதிவதனி: ஆமா. அதோட லைனும் கட்டாயிடுச்சி.

பாலமுருகன்: எனக்கு அன்னிக்கு வெக்கமா போச்சி. பதில் சொல்லியிருக்கணும் அவரு. அப்புறம் தரகர் பாலு ஜாதகக் கட்ட கொண்டாந்தாரு. மேல உங்க பேரு, ஆரணி, பட்டு வியாபாரம். மத்த ஜாதகத்த எல்லாம் அப்பிடியே திருப்பி குடுத்துட்டேன்.

மதிவதனி: அப்போ தெரிஞ்சிகினே இவ்ளோ நேரம் என்னை கேக்க வுட்டீங்க?

பாலமுருகன்: கேக்க நல்லா இருந்துச்சி.

மதிவதனி: எங்க வூட்ல யாருக்கும் நல்லா இருக்காது.

பாலமுருகன்: எனக்கு நல்லா இருக்குது. எனக்கு புடிச்சிருக்குதுங்க. அத சொல்லிட்டேன். ஆனா ஒரு பேஜார் இருக்குது. அதையும் சொல்லிடணும்.

மதிவதனி: சொல்லுங்க.

பாலமுருகன்: எங்க கம்பெனி ஷேரும் நீங்க வாங்கினீங்கதானே?

மதிவதனி: வாங்கினேன்.

பாலமுருகன்: உள் விஷயம் தெரிஞ்ச ஆளுங்க இவங்கன்னு கம்பெனில ஒரு கணக்கு வச்சிருக்காங்க. அதுல நான் இருக்கறேன். என்னை கட்டிகினா நீங்களும் அதுல சேந்துடுவீங்க. அப்புறம் நெனைச்சப்போ விக்க முடியாது, வாங்க முடியாது. ரிசல்ட்டு வர்ற வரைக்கும் கைய கட்டிகினு உக்காந்திருக்கணும். ஏறினாலும் அப்பிடித்தான், எறங்கினாலும் அப்பிடித்தான். நீங்க படிச்சி படிச்சி சேத்தது.

மதிவதனி: ம்.

பாலமுருகன்: வர்ற புதன்கிழமை ரிசல்ட்டு. அது எப்பிடி வரும்னு என்னை கேக்காதீங்க. நான் கீழ போயி, யோசிச்சி சொல்றோம்னு சொல்லிடறேன். ரிசல்ட்டு வரட்டும். நீங்க விக்கறதோ, வச்சிக்கறதோ, உங்க இஷ்டம் போல முடிச்சிட்டு அப்புறமா ஒரு பதில் சொல்லுங்க.

மதிவதனி: பெரியவங்க கோச்சிப்பாங்க. வெத்தலை தட்டு வேற தயாரா இருக்குது.

பாலமுருகன்: கோச்சிக்கட்டும். எங்க அம்மாவ நான் பாத்துக்கறேன். என்னால உங்க கை கட்டிப்போவக்கூடாது. வேணாம்னு சொன்னாலும் நான் ஒண்ணும் நெனைச்சிக்க மாட்டேன்... இல்ல, நெனைச்சிப்பேன். ஆனா வெளிய சொல்ல மாட்டேன்.

மதிவதனி: கீழ அப்பிடி ஒண்ணும் சொல்ல வேணாங்க.

பாலமுருகன்: ஏன்?

மதிவதனி: என் கைல அலைவரி ஷேரு ஒண்ணுகூட இல்ல.

பாலமுருகன்: இன்னாது? வாங்கினேன்னு இப்பதானே சொன்னீங்க.

மதிவதனி: வாங்கினேன். வச்சிருக்கறேன்னு சொன்னனா?

பாலமுருகன்: அப்போ கஸ்டமரு, ஆர்டரு, பொட்டின்னு இவ்ளோ நேரம் என்னை கொடஞ்சி எடுத்தது எதுக்குங்க?

மதிவதனி: சித்தப்பா தறி புடவைய அப்பா எதிர் கடைல குடுத்துதான் பாக்கறாருன்னு சொன்னேன்ல... உங்கள அப்பிடி இன்னொருத்தர்கிட்ட குடுத்து பாக்க எனக்கு மனசில்ல. நானே பாக்கணும்னு இருந்துச்சி. கைல உங்க ஷேரு இருந்தா பழுது என் கண்ணுக்கு படாதே. அதான் தரகர் உங்க கம்பெனி பேர சொன்னாரு பாருங்க, மறுநாள் காலைலயே மொத்தத்தையும் வித்துட்டேன். அன்னிலேருந்து அது ஏறிகினே போவுது, எனக்கு வயிறு எரியுது... வாங்க, அண்ணி மறுபடியும் நூல் திருப்ப வர்றதுக்குள்ள கீழ போயி சரின்னு சொல்லிடலாம்.